உறுதிமொழியில் கடவுளின் பெயர்: பேசாமல் நிற்கும் உரிமை போதுமா?

கேள்வி இது: அமெரிக்கப் பள்ளிகளில் நாட்டுப்பற்றைச் சொல்லும் உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்று கடவுளின் பெயர் இடம்பெறுவது மதச் சுதந்திரத்துக்கு முரணானதா? நம்பிக்கை இல்லாத மாணவர் அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்லலாம், அல்லது பேசாமல் நிற்கலாம் என்று சட்டமே இடம் தரும்போது, யாருக்கு என்ன இழப்பு?

கேள்வியின் முதல் பகுதிக்கு அமெரிக்க நீதிமன்றங்களின் தீர்ப்புகளில் இன்று நிலைத்து நிற்கும் விடை, முரண் இல்லை என்பதே. நெறியின்படி பார்த்தால் முரண் உண்டு என்பது என் முடிவு. நான் இறைநம்பிக்கை உள்ளவன். கடவுளின் பெயரை மதிப்பதால்தான் இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பகுதியில் கேட்கப்பட்டுள்ள இழப்பைத்தான் சற்று நீளமாக விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த விவாதத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது அதுவே.

அமெரிக்கப் பற்றுறுதிமொழி 1892-ஆம் ஆண்டு எழுதப்பட்டது. கொலம்பஸ் கடல் கடந்து வந்ததன் 400-ஆம் ஆண்டு விழாவுக்காக, சிறுவர்களும் குடும்பங்களும் படித்துவந்த ஓர் இதழில் அது வெளியானது. எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். கொடிக்கும் அது குறிக்கும் குடியரசுக்கும் பற்றுறுதி அளித்து, 'ஒரே நாடு, பிரிக்க முடியாதது, எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும்' என்று முடியும் அந்த வாசகத்தில் கடவுளின் பெயர் இல்லை. வேதத்தைப் பிரசங்கம் செய்த ஒருவருக்கு அந்தப் பெயரைச் சேர்க்கத் தோன்றியிருக்காது என்று நினைக்க இடமில்லை. சேர்க்காமலே அவர் சொல்ல வந்தது நிறைவு பெற்றிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. 'ஒரே நாடு', 'பிரிக்க முடியாதது' என்ற இரண்டும் அடுத்தடுத்து நின்றதற்கு அந்தப் போரின் நினைவு காரணம். 1923, 1924 ஆண்டுகளில் எந்த நாட்டின் கொடி என்பது விளங்கும்படி வாசகம் திருத்தப்பட்டது. 1942-இல் நாடாளுமன்றம் அதைச் சட்டத்தில் சேர்த்தது. அப்போதும் கடவுளின் பெயர் அதில் இல்லை.

அந்தப் பெயர் நுழைந்தது 1954-இல். சோவியத் ஒன்றியத்துடனான பனிப்போர் உச்சத்தில் இருந்தது. நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க அமைப்பு முன்பே இதற்காக இயக்கம் நடத்தி வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், வாஷிங்டனில் உள்ள நியூயார்க் அவென்யூ பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அமர்ந்திருக்க, ஜார்ஜ் டோகர்ட்டி என்ற போதகர் இதை வலியுறுத்திப் பிரசங்கம் செய்தார். அப்போதிருந்த வாசகத்தை மாஸ்கோவின் பிள்ளைகளும் தங்கள் கொடியை நோக்கிச் சொல்லலாம், அமெரிக்காவுக்கே உரிய ஒன்று அதில் இல்லை என்பது அவர் வாதம். நாத்திக அமெரிக்கர் என்பதே தன்னுள் முரண்பட்ட சொல் என்றும் அவர் சொன்னார். ஜூன் 14-ஆம் நாள், கொடி நாளன்று, 'கடவுளின் கீழ்' என்ற சொற்களைச் சேர்க்கும் சட்டத்தில் ஐசனோவர் கையெழுத்திட்டார். இனி ஒவ்வொரு நகரத்திலும் கிராமத்திலும் பள்ளிப்பிள்ளைகள் நாள்தோறும் நாட்டையும் மக்களையும் எல்லாம் வல்ல இறைவனுக்கு அர்ப்பணிப்பதைப் பறைசாற்றுவார்கள் என்று அவர் அறிவித்தார். 'ஒரே நாடு' என்பதற்கும் 'பிரிக்க முடியாதது' என்பதற்கும் நடுவே அந்தச் சொற்கள் வைக்கப்பட்டன. 62 ஆண்டுகள் சேர்ந்தே நின்ற இரண்டையும் பிரித்தபடி அவை இன்றும் அங்கே நிற்பதைக் காணும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது.

சேர்த்தவர்களின் நோக்கத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்கள் அந்தச் சொற்களை வெற்று அலங்காரமாகச் சேர்க்கவில்லை. நம்புகிறவர் யார், நம்பாதவர் யார் என்று பிரித்துக் காட்டவும், நம்புகிறவரே முழுமையான குடிமகன் என்று உணர்த்தவும் சேர்த்தார்கள். அதை மறைக்காமல் சொல்லவும் செய்தார்கள். பிற்காலத்தில் நீதிமன்றங்களில் எழுந்த வாதங்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேசாமல் நிற்கும் உரிமையின் வரலாறு இதற்கும் முந்தியது. அதைப் பெற்றுத் தந்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். கடவுளை மிகுந்த கண்டிப்போடு வழிபட்ட யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். கொடிக்கு வணக்கம் செலுத்துவது உருவ வழிபாட்டுக்கு ஒப்பானது என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1940-இல் கோபைட்டிஸ் வழக்கில், அப்படி மறுத்த பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8–1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் அச்சமூகத்தினர் தாக்கப்பட்டனர். மெயின் மாநிலத்தின் கென்னபங்க் நகரில் அவர்களுடைய வழிபாட்டு மன்றத்துக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது. மேற்கு வர்ஜீனியாவில், மறுக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்குவதோடு, பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் விதிக்க வழி இருந்தது. 1943 ஜூன் 14-இல் பார்னெட் வழக்கில் அந்த விதி 6–3 என்ற கணக்கில் வீழ்ந்தது. முன்பு எதிராக வாக்களித்திருந்த நீதிபதிகளுள் மூவர் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். அரசியலிலோ, நாட்டுப்பற்றிலோ, மதத்திலோ எது சரியான கருத்து என்று விதிக்கவும், அதில் நம்பிக்கை உண்டென்று சொல்லாலோ செயலாலோ குடிமக்களை ஒப்புக்கொள்ள வைக்கவும் எந்த அதிகாரிக்கும், அவர் பெரியவரானாலும் சிறியவரானாலும், உரிமை இல்லை என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், நாட்டுப்பற்று மிக உரத்து ஒலித்த வேளையில், இத்தீர்ப்பு எழுதப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் துணிவு விளங்கும்.

இனி, அந்த உரிமை போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போதாது. உறுதிமொழியையே ஏற்காதவருக்குப் பேசாமல் நிற்கும் உரிமை முழுமையான தீர்வு. ஆனால் நாட்டை உளமார நேசித்து, அதன் குடியரசுக்குப் பற்றுறுதி அளிக்கவும் விரும்பி, கடவுளைப் பற்றிய கூற்றை மட்டும் ஏற்க முடியாத ஒருவருக்கு அந்த உரிமை தருவது என்ன? அவர் முழுவதும் பேசாமல் நின்றால், நாட்டின் மீது பற்றில்லாதவர் என்று பார்க்கப்படுவார். நடுவில் மட்டும் நிறுத்தினால், தம் நம்பிக்கை எது என்பதை வகுப்பு முழுவதற்கும் நாள்தோறும் அறிவிக்க வேண்டியிருக்கும். முழுவதும் சொன்னால், தம் மனச்சான்றுக்கு மாறாகப் பேசியவர் ஆவார். நம்புகிறவர் இந்த மூன்று வழிகளில் ஒன்றை ஒருநாளும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இழப்பு என்று நான் சொல்வது இதைத்தான்: ஒரே நாட்டைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுள் ஒருவருக்கு நாட்டுப்பற்றைச் சொல்வது எளிதாகவும், மற்றவருக்கு அதற்கு ஒரு விலை வைத்தும் அரசே ஏற்பாடு செய்கிறது. அந்த விலையைச் செலுத்தக் கேட்கப்படுவது ஏழெட்டு வயதுப் பிள்ளை.

ஒப்பவயதினர் நடுவே பிள்ளைகள் மீது விழும் இந்த அழுத்தத்தை நீதிமன்றங்கள் அறியாமல் இல்லை. 1992-இல் லீ எதிர் வைஸ்மன் வழக்கில், பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் மதகுரு ஒருவரைக் கொண்டு வேண்டுதல் செய்வித்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறியதற்கு அந்த அழுத்தமே அடிப்படை. அதே அளவுகோலை உறுதிமொழிக்கும் பொருத்தினால் என்ன ஆகும்? 2002-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பொருத்திப் பார்த்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த மைக்கேல் நியூடவ் என்ற நாத்திகத் தந்தை தொடுத்த வழக்கில், பள்ளியில் இந்தச் சொற்களோடு உறுதிமொழி சொல்ல வைப்பது அரசமைப்புக்கு முரணானது என்றது. நாடு கொந்தளித்தது, செனட் 99–0 என்ற கணக்கில் உறுதிமொழியை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2004-இல் உச்ச நீதிமன்றம், மகளின் சார்பில் வழக்குத் தொடுக்க அந்தத் தந்தைக்குத் தகுதி இல்லை என்ற காரணத்தைக் காட்டி, மையக் கேள்விக்கு விடை சொல்லாமலே கீழமைத் தீர்ப்பை நீக்கியது. 2010-இல் அதே ஒன்பதாம் வட்டார நீதிமன்றம், வேறொரு வழக்கில், 2–1 என்ற கணக்கில் உறுதிமொழி செல்லும் என்று முடிவு செய்தது.

2004 தீர்ப்போடு தனியே கருத்தெழுதிய நீதிபதிகளுள் இருவருடைய எழுத்துகளை அருகருகே வைத்துப் படிப்பது மிகுந்த பயன் தரும். சாண்ட்ரா டே ஓகானர், இது வழிபாடு அன்று, நெடுங்கால வழக்கு, குறிப்பிட்ட எந்த மதத்தையும் சுட்டாதது, மதப்பொருள் மிகக் குறைவாகவே உள்ளது என்று கூறி, சடங்கு அளவில் மட்டும் இறைவனைக் குறிக்கும் சொல் என்ற வகையில் அதை அனுமதித்தார். இந்த வகைப்பாட்டுக்கு முன்பே வடிவம் தந்தவர்களுள் ஒருவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். இத்தகைய சொற்கள் திரும்பத் திரும்ப மனப்பாடமாகச் சொல்லப்பட்டே தம் மதப்பொருளைப் பெரிதும் இழந்துவிட்டன என்று 1984-இல் அவர் எழுதியிருந்தார். கிளாரன்ஸ் தாமஸ் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். நாடு கடவுளின் கீழ் உள்ளது என்று சொல்வது கடவுள் உண்டு என்று சொல்வதே என்பதையும், லீ வழக்கின் அளவுகோலை ஏற்றால் உறுதிமொழி நிற்காது என்பதையும் அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த அளவுகோலே தவறு என்று கூறித்தான் உறுதிமொழியைக் காத்தார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆயினும் சொல்லின் பொருளைப் பொருளாகவே எடுத்துக்கொண்ட அந்த நேர்மையை மதிக்கிறேன்.

ஏனெனில், ஓகானர் காட்டிய வழி நம்பிக்கை உள்ளவனாகிய என்னையே முதலில் புண்படுத்துகிறது. கடவுளின் பெயர் உறுதிமொழியில் இருக்கலாமாம், அதைச் சொல்லும்போது யாரும் அதை உளமார எண்ணுவதில்லை என்பதால். பக்தர்கள் உள்ளம் உருகி உரைக்கும் பெயருக்கு, அதில் பொருள் ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஒரு நீதிமன்றம் சான்று வழங்கினால்தான் இடம் கிடைக்கும் என்றால், அந்த இடம் எதற்கு? பொருள் உண்டென்றால் அது நம்பிக்கை அறிக்கை. அதை அரசு பிள்ளைகளின் வாயில் வைக்கக் கூடாது. பொருள் இல்லையென்றால் அது இறைவன் பெயரை வீணில் வழங்குவது; அதை நம்புகிறவர்களே எதிர்க்க வேண்டும். கடவுள் மீது ஆணையிடுவதையே மறுத்து, 'உறுதி கூறுகிறேன்' என்று மட்டும் சொல்லும் உரிமைக்காக இங்கிலாந்தில் போராடிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வேதத்தைப் படித்தே அந்த முடிவுக்கு வந்தவர்கள். அமெரிக்க அரசமைப்பிலும் குடியரசுத் தலைவர் 'ஆணையிடலாம், அல்லது உறுதி கூறலாம்' என்றே எழுதப்பட்டுள்ளது. பொதுப் பதவிக்கு மதத் தகுதி எதுவும் கேட்கப்படக் கூடாது என்று அதன் ஆறாம் பிரிவு தடை செய்கிறது.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் ஒன்று எனக்குக் கனமானதாகப் படுகிறது. மனித உரிமைகள் அரசு கொடுத்தவை அல்ல, அரசுக்கும் மேலான ஒன்றிலிருந்து வந்தவை; 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் அரசை அதன் எல்லைக்குள் நிறுத்துகின்றன; அவற்றை எடுத்துவிட்டால் அரசே இறுதி அதிகாரம் என்றாகிவிடும் என்பது அவ்வாதம். உரிமைகள் படைத்தவனால் அளிக்கப்பட்டவை என்று 1776-ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனமும் சொல்கிறது. நானும் ஏறக்குறைய அப்படியே நம்புகிறேன். ஆனால் அரசுக்கு எல்லை உண்டு என்ற கொள்கையை ஏற்கும் ஒருவர், அதன் வேரை மனித மாண்பில் காணலாம், அறத்தில் காணலாம், பகுத்தறிவில் காணலாம். படைத்தவன் என்ற ஒருவனை ஏற்காத பௌத்தருக்கும் சமணருக்கும் நெடிய அறமரபு உண்டு. அந்த வேர் எது என்பதை அரசே முடிவு செய்து, குடிமக்களைச் சொல்லவும் வைத்தால், தன் எல்லையைச் சுட்டும் வாசகத்தைக் கொண்டே அரசு எல்லையைத் தாண்டிவிடுகிறது. போலந்து 1997-இல் இயற்றிய அரசமைப்பின் முகப்புரை, உண்மை, நீதி, நன்மை, அழகு ஆகியவற்றின் ஊற்றாகக் கடவுளை நம்புவோரையும், அந்த நம்பிக்கை இல்லாமல் அதே விழுமியங்களை வேறு ஊற்றுகளிலிருந்து பெறுவோரையும் ஒரே வாக்கியத்தில் சமமாக வைத்துப் பேசுகிறது. கத்தோலிக்கர் மிகப் பெரும்பான்மையாக வாழும் நாடு அது.

இந்தியாவில் இதே கேள்வி அரசமைப்பு அவையிலேயே எழுந்தது. 1949 அக்டோபர் 17-இல், முகப்புரை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்று எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். நம்புவதும் நம்பாமல் இருப்பதும் அவரவர் உரிமை என்றிருக்க, இது நம்பிக்கையில் கட்டாயம் ஆகாதா என்று பட்டம் தாணு பிள்ளை கேட்டார். உள்ளத்தின் மிகப் புனிதமான உணர்வு இப்படி விவாதத்துக்கு இழுக்கப்பட்டதே என்று எச். என். குன்சுரு வருந்தினார். ரோகிணி குமார் சௌத்ரி எழுந்து, 'தேவியின் பெயரால்' என்று வைக்க முடியுமா என்று கேட்டார். காமாக்யா தேவி வழிபாடு தழைத்த அசாம் மண்ணிலிருந்து வந்த அவர், சக்தியை வழிபடுவோரை விட்டுவிட்டு ஆண்பாற் கடவுளை மட்டும் அழைப்பது எப்படிச் சரி என்றார். எந்த மதத்தையும் சுட்டாத பொதுப்பெயர் என்று சொல்லப்படும் எந்தப் பெயருக்கும் இந்த வினா பொருந்தும். கடவுள் என்ற சொல் ஒருமையில், ஒரு பாலில், படைத்து ஆள்பவன் என்ற பொருளில் ஒலித்த உடனேயே நம்புகிறவர்களுக்குள்ளும் சிலர் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். வாக்கெடுப்பில் ஆதரவாக 41 பேரும் எதிராக 68 பேரும் நின்றார்கள்; திருத்தம் தோற்றது. இறைநம்பிக்கை மிகுந்த அவை ஒன்று எடுத்த முடிவு அது.

அதே அரசமைப்பு பதவியேற்பில் கடவுளின் பெயரை விலக்கவும் இல்லை. மூன்றாம் அட்டவணையின்படி பதவியேற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் சம மதிப்புடையவை, தேர்வு அவருடையது. வளர்ந்த ஒருவர் தானே விரும்பி ஏற்கும் பதவிக்காகத் தனியே சொல்லும் வாசகம் என்பதால், இரு வடிவங்கள் வைத்தாலே இங்கு நீதி கிடைத்துவிடுகிறது. பலர் கூடி ஒரே குரலில் சொல்லும் பள்ளி உறுதிமொழியில் அந்த வழி இல்லை. எனவே எல்லோரும் சொல்லக்கூடியது மட்டுமே அதில் இருக்க வேண்டும். பைடிமர்ரி வேங்கட சுப்பா ராவ் 1962-இல் தெலுங்கில் எழுதி, எல்லா மொழிகளுக்கும் சென்ற 'இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்' என்ற உறுதிமொழியில் கடவுளின் பெயர் இல்லை. அதனால் அதன் கனிவு குறைந்துவிடவும் இல்லை.

ஒன்றுக்கொன்று அண்டை நாடுகளான மலேசியாவும் சிங்கப்பூரும் இதில் வெவ்வேறு வழிகளில் சென்றன. 1969 மே இனக் கலவரத்துக்குப் பின், 1970-இல் மலேசியா வெளியிட்ட ருக்குன் நெகாரா என்ற தேசியக் கொள்கை அறிக்கையின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பது. சிங்கப்பூருக்காக யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் 1966-இல் எழுதிய உறுதிமொழி, மதம் என்ற சொல்லை வேற்றுமை பாராட்டாமைக்காக மட்டுமே எடுத்தாள்கிறது. ஒற்றுமையே இரண்டின் நோக்கமும். ஆனால் முன்னதில் நம்பிக்கையே ஒற்றுமையின் நிபந்தனையாக அமைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் குடியுரிமை பெறுவோர் சொல்லும் உறுதிமொழி 1994 முதல் இரண்டு வடிவங்களில் உள்ளது. 'கடவுளின் கீழ்' என்பதைச் சேர்த்தும் சொல்லலாம், விட்டும் சொல்லலாம். விட்டுச் சொல்பவர் எதையும் மறுத்தவராகவோ குறைவாகச் சொன்னவராகவோ ஆவதில்லை. பேசாமல் நிற்கும் உரிமைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. சான் மரினோ என்ற சிறிய ஐரோப்பிய நாட்டில் இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் நற்செய்தி நூல்களின் மீது ஆணையிட்டால்தான் பதவி என்று வற்புறுத்தப்பட்டபோது, அது மதச் சுதந்திர மீறலே என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1999-இல் கூறியது.

நடைமுறையில் ஓர் ஆசிரியரோ பெற்றோரோ என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் எந்த அரசுப் பள்ளியும் மாணவரை உறுதிமொழி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்காகத் தண்டிக்கவும் முடியாது. ஆனால் புளோரிடாவில், சொல்லாமல் இருக்கப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்ற விதியைப் பதினோராம் வட்டார நீதிமன்றம் 2008-இல் ஏற்றுக்கொண்டது. எழுந்து நிற்கும்படி கட்டாயப்படுத்துவதை மட்டும் நீக்கியது. எனவே அங்கே பிள்ளையின் மனச்சான்று பெற்றோரின் கடிதத்தைச் சார்ந்திருக்கிறது. பள்ளி ஆண்டு தொடங்கும்போதே அதை எழுதித் தந்துவிடுவது நல்லது. இந்தியாவில் 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், நாட்டுப்பண் ஒலிக்கும்போது மரியாதையோடு எழுந்து நின்று, பாடாமல் மட்டும் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அப்பிள்ளைகளும் யெகோவாவின் சாட்சிகளே. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசமைப்பு சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அத்தீர்ப்பை முடித்தார்.

எந்த நாட்டில் இருந்தாலும் ஆசிரியரிடம் நான் வேண்டுவது ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளை அந்த இரண்டு சொற்களின்போது வாய் திறக்காமல் இருப்பதைக் கண்டால், ஏன் என்று எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். மற்ற பிள்ளைகள் கேட்டால், அந்தப் பிள்ளையும் நம்மைப் போலவே இந்த நாட்டின் பிள்ளை என்று சொல்லிவிட்டு, அன்றைய பாடத்தைத் தொடங்குங்கள்.